உடம்பு எப்போது படுத்தும் என்று தெரியாது, டெலிவரி தேதி எப்படிச் சொல்கிறீர்கள்?

நூல்கண்டு

வணக்கம். தையல் தொழில் செய்கிறேன். வீட்டோடு சேர்ந்த ஒரு அறை, இரண்டு மெஷின், உதவிக்குப் பாதி நாள் வந்துபோகும் ஒரு பெண். தனி ஆட்களுக்கு அளவெடுத்துத் தைப்பதும் உண்டு, சின்ன நிறுவனங்களுக்கு யூனிஃபார்ம் தைப்பதும் உண்டு. காசு இரண்டாவதில்தான். சில வருடங்களாக முடக்குவாதம், ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்களே அது. காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, கை வழிக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மருந்து ஆரம்பித்த பிறகு பரவாயில்லை. ஆனால் திடீரென்று ஒரு வாரம் மணிக்கட்டு வீங்கிக்கொண்டால் கத்தரிக்கோலைப் பிடிப்பதே பெரும்பாடு.

இங்கே மருத்துவ ஆலோசனை கேட்க வரவில்லை, அதற்கு டாக்டர் இருக்கிறார். தேதிதான் பிரச்சினை. ஆர்டர் கொடுக்க வருகிறவர் "எப்போ கிடைக்கும்?" என்று கேட்கும் நேரத்தில் நான் நன்றாக இருக்கிறேன் (முடியாத நாளில் நான் புது ஆளைப் பார்ப்பதே இல்லையே), அதனால் வாயில் வருவது நல்ல கையின் தேதி. அப்புறம் கை படுத்துக்கொள்கிறது, ராத்திரி உட்கார்ந்து தைக்கிறேன், அதனால் இன்னும் நாலு நாள் வீணாகிறது. இதே மாதிரி நாள்பட்ட வியாதியோடு தனியாகவோ ஒன்றிரண்டு பேரை வைத்தோ தொழில் நடத்துகிறவர்கள் தேதி எப்படிச் சொல்கிறீர்கள்? வாடிக்கையாளரிடம் வியாதியைப் பற்றிச் சொல்கிறீர்களா?

பழுதுக்காரன்

லேப்டாப், பிரிண்டர் பழுது பார்க்கிற ஆள் நான். பெருங்குடல் அழற்சி, அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். கிளம்பிவிட்டது என்றால் கழிவறைக்கும் மேசைக்கும் நடுவில்தான் வாழ்க்கை, விவரம் வேண்டாம்.

என் வழி இதுதான். முடியாத வாரத்தில் என்னால் எவ்வளவு ஓடுமோ அதை வைத்துத்தான் தேதி. நல்ல வாரத்தில் இரண்டு நாளில் முடியும் வேலைக்கு எட்டு நாள் சொல்வேன். நான்காவது நாளே முடித்துக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார்கள். எட்டு நாள் கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறவரும் உண்டு, போகட்டும். அந்த ஆளுக்கு நான் இரண்டு நாள் சொல்லி ஒன்பதாவது நாள் கொடுத்திருந்தால் அவர் இன்னும் நாலு பேரிடம் சொல்லியிருப்பார்.

இன்னொன்று, இது தேதியைவிட முக்கியம் என்று நான் நினைப்பது. வேலையைப் பாதியில் விடும்போது எங்கே விட்டோம் என்று எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு லேப்டாப் மேலும் ஒரு அட்டை ஒட்டியிருப்பேன்: என்ன புகார், எதைக் கழற்றினேன், எதைச் சோதித்தேன், அடுத்த வேலை என்ன. "அடுத்த வேலை" என்ற வரி இல்லாமல் எழுந்து போகமாட்டேன், வயிறு எவ்வளவு அவசரப்படுத்தினாலும். திருகாணிகளை வாரத்துக்கு ஏழு குழி உள்ள மாத்திரை டப்பாவில் போடுவேன், மூடியில் எந்தப் பக்கத்துத் திருகாணி என்று பேனாவில் எழுதியிருக்கும். எப்படியும் வீட்டில் அந்த டப்பா நாலைந்து கிடக்கிறது. ஒரு வாரம் படுத்து எழுந்து வந்தாலும் எதையும் யோசிக்காமல் அந்த வரியிலிருந்து ஆரம்பிக்கலாம். இது இல்லாத காலத்தில் பிரித்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளவே அரை நாள் போய்விடும்.

மருந்து ஊசி 8 வாரத்துக்கு ஒருமுறை, நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அந்த நாளும் மறுநாளும் காலண்டரில் வருடம் முழுக்க முன்கூட்டியே அடித்து வைத்துவிடுவேன். தெரிந்தே வரும் நாளையாவது தேதிக் கணக்கில் சேர்க்க வேண்டாமா.

பித்தான்

நூல்கண்டு அக்கா, நானும் தையல்தான், எனக்கும் மூட்டுதான் (சொரியாசிஸோடு வரும் வகை). தேதியை மட்டும் பார்க்காதீர்கள், வேலையை மூட்டு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். கட்டிங் முழுக்கக் கட்டைவிரல் அடிமூட்டையும் மணிக்கட்டையும் பிடிக்கும் வேலை. நேர்த் தையல் மெஷினில் கையை வழிகாட்ட மட்டும்தான் பயன்படுத்துகிறோம், காலும் முதுகும் ஒத்துழைத்தால் வீக்க நாளிலும் கொஞ்சம் ஓடும். ஹெம்மிங், பட்டன், பிரித்துத் தைப்பது இதெல்லாம் விரல் நுனி, இதுதான் என்னைக் கொல்லும்.

அதனால் நான் ஒரு உருப்படியை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் தைப்பதில்லை. கை நன்றாக இருக்கும் நாளில் வெட்டு மட்டும், கையிருப்பில் உள்ள துணி எல்லாவற்றையும் வெட்டிச் சோடி சோடியாகக் கட்டி, மேலே அளவுச் சீட்டைக் குத்தி வைப்பேன். வீக்கம் வந்தால் அந்தக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து நேர்த் தையல் மட்டும். காஜா, பட்டன் வெளியே கொடுத்துவிடுகிறேன், அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். உங்கள் உதவிப் பெண்ணுக்குக் கைவேலையைக் கொடுத்துவிட்டீர்களா, இல்லை அவரும் மெஷினில் உட்காருகிறாரா?

கத்தரிக்கோலுக்குப் பதில் உருளைக் கத்தி, அடியில் வெட்டுப் பாய். யூனிஃபார்ம் மாதிரி அடுக்கி வெட்டும் வேலைக்குக் கையில் பிடிக்கும் மின் கட்டர். தானாகத் திறந்துகொள்ளும் ஸ்பிரிங் கத்தரிக்கோலும் கிடைக்கிறது, நூல் வெட்ட அது போதும். கட்டிங் மேசையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். இவ்வளவையும் செய்த பிறகு எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் தேதியைப் பற்றி யோசிக்கலாம்.

நேர்கோடு

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கிறேன், யூனிஃபார்ம் உட்பட. பழுதுக்காரன் சொன்ன "எட்டு நாள் சொல்லி நாலில் கொடு" தனி ஆளிடம் நடக்கும். எங்களிடம் நடக்காது, சீக்கிரம் கொடுத்தால் எனக்கு லாபம் ஒன்றும் இல்லை, எனக்கு வேண்டியது சொன்ன தேதி. புது ஆட்கள் வேலைக்குச் சேரும் நாளில் சட்டை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், தாமதம் எல்லோரிடமும் வருகிறது, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறவர்களிடமும். எனக்கு ரத்தம் கொதிப்பது தேதியன்று காலையில் நான் போன் போட்ட பிறகு "இன்னும் ரெடியாகலை" என்று கேட்கும்போதுதான். ஒரு வாரம் முன்னால் "60ல் 40 தான் தேதிக்கு வரும், மீதி அடுத்த வாரம்" என்று சொன்னால் நான் யாருக்கு முதலில் கொடுப்பது என்று மாற்றிக்கொள்வேன். உங்களுக்கு என்ன வியாதி என்பதை நான் கேட்கவே மாட்டேன், உண்மையில் தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை, தெரிந்தால் அடுத்த முறை பெரிய ஆர்டர் கொடுக்கும்போது மேலதிகாரியிடம் அதைச் சொல்ல வேண்டிய நிலை வரும். இது நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம், அலுவலகத்தில் அப்படித்தான் நடக்கிறது.

வட்டிக்கணக்கு

கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில், ஒற்றைத் தலைவலி என் நிரந்தரக் கூட்டாளி. எல்லோரும் தேதியைப் பேசுகிறீர்கள், விலையை யாரும் பேசவில்லையே.

அக்கா, உங்கள் கூலியை எப்படி வைத்தீர்கள்? பக்கத்தில் இருக்கிறவர் வாங்குவதைப் பார்த்து என்றால் அங்கேதான் சிக்கல். மாதம் உங்களுக்கு 100 பங்கு வருமானம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நாள் வேலை செய்ய முடிகிறவர் நாளுக்கு 5 சம்பாதித்தால் போதும். நம்பி 12 நாள்தான் உழைக்க முடியும் என்றால் நாளுக்கு 8.33 வர வேண்டும். அவருடைய கூலியை நீங்கள் வைத்தால் மீதி 40 பங்கை ராத்திரியில் தைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும், அந்த ராத்திரிதான் அடுத்த வாரம் வீக்கமாக வருகிறது. வாடகை, மெஷின் தேய்மானம், உதவியாளர் சம்பளம் எல்லாம் நீங்கள் படுத்திருக்கும் நாளிலும் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் கூடும்.

8.33 வாங்க முடியாதே என்பீர்கள். சரி, வாங்க முடியாத வேலையை விடுங்கள். எல்லா வேலையும் ஒரே லாபம் தருவதில்லை. எந்த வேலை ஒரு மணி நேரத்துக்கு அதிகம் தருகிறது, எந்த வேலை உடம்பை அதிகம் தின்கிறது என்று இரண்டு பத்தி போட்டு எழுதிப் பாருங்கள். உடம்பைத் தின்று காசும் தராத வேலை கட்டாயம் இரண்டு மூன்று இருக்கும், பழைய வாடிக்கையாளர் என்பதால் மட்டும் செய்துகொண்டிருப்பீர்கள்.

எனக்கு வரித் தாக்கல் தேதிகள் என் தலைவலிக்காக நகராது. அதனால் தாள்கள் வர வேண்டிய தேதியை நகர்த்தினேன். அதற்குப் பிறகு கொண்டுவருகிறவருக்குக் கட்டணம் வேறு. கடைசி வாரத்தில் புது ஆள் யாரையும் சேர்ப்பதில்லை.

தலைவலிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கெடு நெருங்கும்போது மாத்திரையைப் போட்டுக்கொண்டே வேலை பார்க்கும் பழக்கம் இருந்தால் எண்ணிப் பாருங்கள். டிரிப்டான் வகை (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள) மாத்திரை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, சாதாரண வலி மாத்திரை 15 நாளோ அதற்கு மேலோ என்று சில மாதம் தொடர்ந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காலண்டரில் மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள், டாக்டருக்கும் காட்டலாம், உங்கள் வேலை நாளை எண்ணவும் உதவும்.

நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட நிறைய வந்திருக்கிறது. பித்தான், கைவேலை இப்போது என்னிடம்தான் இருக்கிறது! அந்தப் பெண் மெஷினில் உட்காருகிறாள், ஏனென்றால் அவளுக்கு அதுதான் பிடிக்கும், நானும் கேட்டதில்லை. மாற்றிப் பார்க்கிறேன்.

வட்டிக்கணக்கு சார், கூலியை ஏற்றினால் யூனிஃபார்ம்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது. பழைய துணியை இறுக்குவது, தளர்த்துவது எல்லாம் நீங்கள் சொன்ன "உடம்பைத் தின்று காசு தராத" வகை, பிரிப்பதிலேயே விரல் போய்விடும். அதை நிறுத்தலாம். ஆனால் அதைக் கொண்டுவருகிறவர்கள்தான் புதுத் துணியும் கொண்டுவருகிறார்கள்.

நேர்கோடு, கசப்பாக இருந்தாலும் நேராகச் சொன்னதற்கு நன்றி.

நிலாமுற்றம்

நான் மொழிபெயர்ப்பும் படங்களுக்கு சப்டைட்டிலும் செய்கிறேன். ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வந்த தீராச் சோர்வு நோய், எம்.இ. என்பார்கள். இங்கே பேசுகிறவர்களில் ஒரு பகுதிக்கு என்னுடைய மாதிரி இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன், ஏனென்றால் "நல்ல நாளில் வெட்டிக் குவித்து வை" என்ற யோசனை எங்களுக்கு விஷம்.

எங்களுக்கு அடி உடனே விழாது. உழைத்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும், வந்தால் நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ கிடக்க வேண்டியதுதான். உட்கார்ந்து யோசிப்பதும் உழைப்புதான், ஒரு நீண்ட போன் பேச்சே போதும். எனவே நல்ல நாள் என்பது எங்களுக்கு வட்டிக்கு வாங்கின பணம் மாதிரி, கையில் இருப்பதெல்லாம் நம்முடையது இல்லை. நான் அலாரம் வைத்து வேலை செய்கிறேன். மணி அடித்தால் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிடுவேன், இன்னும் தெம்பு இருக்கிறது என்று தோன்றும்போதே நிறுத்துவதுதான் முக்கியம். அடுத்த நாள் நன்றாக இருந்தாலும் அதே அளவுதான், கூட்டுவதில்லை.

"தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போ, உடம்பு பழகிவிடும்" என்று அறிவுரை சொல்கிறவர்களுக்கு: பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்த நோய்க்கு அப்படிப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி சிகிச்சையைத் தரக் கூடாது என்றே சொல்லிவிட்டது. தொழிலுக்கும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பழுதுக்காரன்

நிலாமுற்றம் சொல்வது சரி, ஆனால் இங்கே படிக்கிற ஆர்.ஏ.க்காரர்கள் பயந்து படுத்துவிடக் கூடாது. மூட்டு விறைப்புக்குக் கொஞ்சம் அசைப்பது நல்லது என்பார்கள், சும்மாவே கிடந்தால் இன்னும் பிடித்துக்கொள்ளும். எனக்குக் குடல், எனக்கு இரண்டுமே பொருந்தாது. ஆளாளுக்கு வியாதி வேறு, ஒருவர் யோசனையை அப்படியே எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். தன் வியாதி எப்படி நடந்துகொள்கிறது என்று இரண்டு மூன்று மாதம் குறித்து வைத்தால்தான் தேதிக் கணக்கே வரும்.

தூங்காநகரான்

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். யாரும் சொல்லாத ஒன்று, ஸ்டீராய்டு. நோய் கிளம்பும்போது பிரட்னிசலோன் அளவைக் கூட்டுவார்கள். சிலருக்குத் தூக்கம் போய்விடும், தலைக்குள் விளக்குப் போட்ட மாதிரி உற்சாகம் வரும். ராத்திரி மூன்று மணிக்குத் தொழிலை எப்படி விரிவாக்கலாம் என்று நோட்டு நிறைய எழுதுவேன். எழுதலாம், தப்பில்லை. கையெழுத்துப் போடக் கூடாது. எங்கள் வீட்டில் சட்டம்: மாத்திரை அளவு கூடுதலாக இருக்கும்வரை புது மெஷின், புதுக் கடன், புது ஆள், பெரிய ஆர்டர் எதற்கும் "சரி" சொல்வதில்லை. அளவு குறைந்த பிறகும் அதே யோசனை நன்றாகத் தெரிந்தால் அப்போது பார்க்கலாம். முக்கால்வாசி யோசனை அதற்குள் வாடிவிடும்.

அந்த உற்சாகத்தை நம்பி "சரியாகிவிட்டது" என்று மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் ஆபத்தாகப் போகலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வெளிப்படை

யாருக்கும் பிடிக்காததைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு கணக்குப் போட்டுத் தொழில் நடத்துவதற்குப் பதிலாக ஒரு வேலையில் சேரலாமே? நானும் சொந்தக் கடை வைத்திருந்தவன், சிறுநீரகக் கோளாறு முற்றியதும் மூடிவிட்டுச் சம்பளத்துக்குப் போனேன். விடுப்பு எடுத்தால் சம்பளம் வருகிறது, நான் இல்லாவிட்டால் இன்னொருவர் பார்க்கிறார். சொந்தத் தொழில் என்றால் ஏதோ சுதந்திரம் என்கிறார்கள், எனக்கு அதில் சுதந்திரம் தெரியவில்லை, காய்ச்சலோடு ஷட்டரைத் தூக்கியதுதான் ஞாபகம்.

பித்தான்

உங்களுக்கு அப்படி ஒரு வேலை கிடைத்தது, சந்தோஷம். காலை பதினொன்றுவரை கை மடங்காத ஆளை யார் வேலைக்கு எடுக்கிறார்கள்? நான் மதியம் ஆரம்பித்து இரவு எட்டுக்கு முடிக்கிறேன், நடுவில் வெந்நீரில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை எந்த மேலாளர் பார்த்துக்கொண்டிருப்பார்? எனக்கு வேலைக்குப் போக ஆசை இல்லாமல் இல்லை.

வெளிப்படை

அதுவும் சரிதான். எல்லோரும் மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, மூடுவதும் ஒரு வழி என்று இந்தப் பேச்சில் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா, அதற்குத்தான்.

இரண்டாம் சாவி

நோயாளி என் கணவர், தொழிலும் அவருடையது, விளம்பரப் பலகை செய்யும் பட்டறை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொன்றும் சுமார் நாலு மணி நேரம், போய்வருவது தனி, வந்த பிறகு அசந்து தூங்குவது தனி. வேடிக்கை என்னவென்றால் எங்களுக்குத் தேதிப் பிரச்சினை குறைவு, ஏனென்றால் போகும் நாட்கள் நிச்சயம். எங்களை உலுக்கியது வேறு. ஒருநாள் அங்கிருந்தே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். எந்த ஆர்டருக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார், எதற்குப் பொருள் சொல்லியிருக்கிறார், வங்கிக் கணக்குக்கு என்ன கடவுச்சொல், எல்லாம் அவர் தலைக்குள், அவர் தலையோ மயக்கத்தில்.

இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. கையில் உள்ள ஆர்டர்கள், ஆள் பெயர், போன், வாங்கிய பணம், சொன்ன தேதி. வாரம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து சரிபார்க்கிறோம். தொழில் கணக்கில் நானும் கையெழுத்துப் போடலாம் என்று வங்கியில் பதிந்துவிட்டோம். தனியாக இருக்கிறவர்கள், உறவினரோ நண்பரோ ஒரே ஒரு ஆளுக்கு, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதையாவது சொல்லி வையுங்கள்.

காப்பீடு எடுக்கிறவர்கள் இரண்டு விஷயம் படியுங்கள். உடல்நிலையால் வருமானம் நின்றால் பணம் தரும் பாலிசியில் "உங்கள் தொழிலைச் செய்ய முடியாவிட்டால்" என்று இருக்கிறதா, "எந்த வேலையுமே செய்ய முடியாவிட்டால்" என்று இருக்கிறதா. இரண்டாவதில் தையல்காரருக்குக் கை போனாலும், போன் எடுக்கும் வேலை செய்யலாமே என்று தள்ளிவிட முடியும். அப்புறம், பணம் வர ஆரம்பிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது. ஏற்கெனவே உள்ள வியாதியை மறைத்து எடுக்காதீர்கள், பணம் கேட்கும்போது அதைக் காட்டியே மறுப்பார்கள்.

நூல்கண்டு

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். கைவேலை அந்தப் பெண்ணிடம் போய்விட்டது, முணுமுணுத்துக்கொண்டே செய்கிறாள், மெஷினிலும் பாதி நேரம் விடுகிறேன். உருளைக் கத்தி பழகிவிட்டது. பழைய துணி இறுக்குவதை, என்னிடமே தைத்த துணிக்கு மட்டும் என்று மாற்றினேன். கூலி யூனிஃபார்முக்குக் கொஞ்சம் ஏற்றினேன், ஒரு நிறுவனம் போய்விட்டது, மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டுக்கு எடுக்கும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரு நாள்தான் போடுவது, மறுநாள் குமட்டலும் சோர்வும். அந்த மறுநாள் என் விடுமுறை நாளில் விழும்படி கிழமையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டேன், எப்படி மாற்றுவது என்று அவரே எழுதிக் கொடுத்தார். இத்தனை காலம் அதை ஒரு வேலை நாளில் வைத்துக்கொண்டிருந்தேன்.

நேர்கோடு, யூனிஃபார்ம் ஆர்டர்களைத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் எண்ணிப் பார்த்துச் செய்தி அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறேன். இப்படி எழுதி வைத்திருக்கிறேன், சரியா பாருங்கள்: "வணக்கம். உங்கள் ஆர்டரில் 60ல் 40 சட்டை சொன்ன தேதிக்குத் தயாராகிவிடும். உடல்நிலை காரணமாக மீதி தாமதமாகிறது, மன்னிக்கவும், கூடிய சீக்கிரம் கொடுத்துவிடுகிறேன். எந்த அளவுகள் முதலில் வேண்டும் என்று சொன்னால் அவற்றை முதலில் முடிக்கிறேன்."

நேர்கோடு

கடைசி வரி அருமை, அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "உடல்நிலை காரணமாக" வேண்டாம், ஒரு மன்னிக்கவும் போதும். "கூடிய சீக்கிரம்" என்பதை எடுத்துவிட்டுத் தேதி போடுங்கள், கிழமையோடு.

வட்டிக்கணக்கு

அந்தத் தேதியும் முடியாத வாரத்துக் கணக்கில் போட்ட தேதியாக இருக்கட்டும் அக்கா. அப்புறம் முன்பணம் வாங்குகிறீர்களா? அதைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை.

நூல்கண்டு

துணி வாங்கும் அளவுக்கு வாங்குகிறேன். கூலிக்கும் சேர்த்து வாங்கலாமா?

வட்டிக்கணக்கு

யூனிஃபார்முக்குத் தாராளமாக. பாதி முதலில், மீதி 60 சட்டையும் போன பிறகு என்று வைக்காமல், 40 போனதும் 40க்கான பில்லைப் போடுங்கள். மீதி 20 தாமதமானாலும் வீட்டுக்குப் பணம் வந்துகொண்டிருக்கும்.